ஆறாவது பாட்டில் நான் இல்லை

தேனிப் பக்கம் ராக் இசைக் குழுக்கள் இருந்தன என்று சொன்னால் சென்னைக்காரர்கள் சிரிக்கிறார்கள். "அங்கே கரகாட்டம்தானே சார்?" என்று கேட்ட ஒருவரோடு நான் பேச்சையே நிறுத்திக்கொண்டேன். இருந்தன. போடியில் ஒன்று, கம்பத்தில் இரண்டு, பெரியகுளத்தில் ஒன்று, கூடலூரில் தமிழும் மலையாளமும் கலந்து கத்திய ஒன்று. பெற்ற தாய்க்கே தன் மகன் அப்படியொரு குழுவில் இருக்கிறான் என்று தெரியாத குழுக்கள். ஆனாலும் இருந்தன. சாட்சிக்கு ஒரு சிடி இருக்கிறது. நான் படித்த கல்லூரியின் பண்பலை வானொலி வெளியிட்டது. அதில் ஆறாவது பாட்டு எங்களுடையது. அதில் பேஸ் கிட்டார் வாசித்தவன் நான். அந்தப் பாட்டை நீங்கள் எத்தனை தடவை போட்டுக் கேட்டாலும் நான் வாசித்தது மட்டும் காதில் விழாது.

எப்படி என்று சொல்கிறேன். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது, அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எங்கள் குழுவில் மூன்று பேர். கிட்டார் வாசித்துப் பாடியவன் போடி பஜாரில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் கிறிஸ்தவக் குடும்பத்துப் பையன். மாதா கோயில் பாடகர் குழுவில் கிட்டார் பழகியவன், கெட்டிக்காரன், அது அவனுக்கும் தெரியும். டிரம்ஸ் அடித்தவன் தேவாரத்துக்காரன். நான் சின்னமனூருக்குப் பக்கத்தில் திராட்சைத் தோட்டக்காரரின் மகன். மூவரும் ஒரே வகுப்பு. நான் கடைசியாகச் சேர்ந்தேன். கடைசியாகச் சேர்ந்தவனுக்கு பேஸ்தான். யாரும் கேட்டு வாங்குகிற வாத்தியம் இல்லை அது. நாலு தடித்த கம்பி, முன்னால் வந்து நிற்கிற வேலை இல்லை, கைதட்டு இல்லை. போடிக்காரனின் மாதா கோயிலில் வாசிக்க ஆள் இல்லாமல் ஒன்று கிடந்தது. அதைத் தூசி தட்டி என் தோளில் மாட்டிவிட்டார்கள். ஒப்புக்குச் சப்பாணி.

ஆனால் மாட்டிய கொஞ்ச நாளிலேயே எனக்கு அதன் மேல் பித்துப் பிடித்துவிட்டது. போடிக்காரன் வீட்டு ஏலக்காய் கோடவுனில்தான் பழகினோம். சுற்றிலும் மூட்டை அடுக்கியிருந்ததால் எதிரொலி கிடையாது. ஆம்ப்ளிஃபயர் என்கிற பெருக்கியில் செருகி இருப்பதிலேயே தடித்த கம்பியைத் தட்டினால் சத்தம் காதுக்கு வருவதற்கு முன் காலுக்கு வரும். தரை வழியாக ஏறி வயிற்றில் உட்காரும். பஸ்ஸில் ஊர் திரும்பும்போது சட்டையெல்லாம் ஏலக்காய் வாசம். பக்கத்து சீட்டுக்காரர்கள் என்னை எஸ்டேட் ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

வீட்டில் கதையே வேறு. வீட்டில் பெருக்கி கிடையாது. பெருக்கி இல்லாத பேஸ் கிட்டார் ஊமை. நான் கட்டிலில் உட்கார்ந்து உயிரைக் கொடுத்து வாசிப்பேன். கம்பி திக்கு திக்கு என்று முனகும். அப்பா தோட்டத்திலிருந்து வந்து கை கால் கழுவிவிட்டு வாசல்படியில் நின்று கொஞ்ச நேரம் பார்ப்பார்.

"ஏலே, இதுல சத்தம் வருமா வராதா? செவுத்துப் பல்லி இதவிடச் சத்தமாக் கத்துது."

"கரெண்டுல மாட்டணும்ப்பா. அப்பத்தான் வரும்."

"வீட்டுலதான் கரெண்டு இருக்கே?"

"அதுக்குன்னு ஒரு பெட்டி வேணும்ப்பா. போடியில இருக்கு."

"எல்லாம் போடியிலதான் இருக்கு உனக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போவார். அவர் கிண்டலில் விஷம் இருக்காது. ஒரே மகன் வாரத்தில் பாதி நாள் போடிக்குப் போய்ச் செய்துவிட்டு வருவது என்னவென்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான். எனக்கும் அதுவேதான் வேண்டியிருந்தது. ஒரே ஒரு தடவை அவர் காதில் அது விழ வேண்டும். வேறு எந்தப் பேராசையும் எனக்கு இருந்ததாக நினைவில்லை.

கல்லூரி வானொலியில் எங்கள் பாட்டை ஒலிபரப்பினார்கள்தான். ஆனால் அந்த ஒலிபரப்பு தேனியைத் தாண்டினாலே கரகர என்று தேய்ந்துவிடும். சின்னமனூருக்குக் கனவிலும் எட்டாது. அதனால்தான், பள்ளத்தாக்கில் இருக்கிற இளைஞர் குழுக்களின் பாட்டையெல்லாம் சேர்த்து ஒரு சிடி போடப்போகிறோம் என்று வானொலிக்குப் பொறுப்பான ஆசிரியர் சொன்னபோது நான் குதித்தேன். அன்றே வீட்டில் சொல்லிவிட்டேன். "சிடி வரட்டும்ப்பா. அப்பக் கேளுங்க."

எங்கள் பாட்டு வாய்க்காலில் தண்ணீர் விடுவதைப் பற்றியது. வரிகளை எழுதியது போடிக்காரன். ஆனால் ஆரம்பம் நான் போட்டது. முறைக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் கடைமடையில் நிற்கிறவனுக்கு முதலில் தண்ணீர் தெரியாது. காய்ந்த வாய்க்காலுக்குள் குமுகுமு என்று அடிச் சத்தம் ஒன்று வரும். நின்றிருக்கிற வரப்பு லேசாக அதிரும். அப்புறம்தான் நுரையும் சருகுமாகத் தண்ணீர் தலைகாட்டும். அந்தச் சத்தத்தை பேஸில் கொண்டுவந்திருந்தேன். முதலில் நான் மட்டும். கூட டிரம்ஸ்காரன் சிம்பல் தட்டில் டிக் டிக் என்று காலம் மட்டும் காட்டுவான். அப்புறம்தான் கிட்டார் வரும், பாட்டு வரும். அப்பா அதைக் கேட்டால் யாரும் விளக்க வேண்டியதில்லை. மண்வெட்டியோடு எத்தனையோ முறை அந்தச் சத்தத்துக்குக் காத்து நின்றவர் அவர்.

பதிவு நன்றாகவே நடந்தது. முட்டை அட்டை ஒட்டிய சின்ன அறை, மின்விசிறியை நிறுத்திவிட்டு வேர்த்து வடிந்தபடி வாசித்தோம். திரும்பப் போட்டுக் காட்டியபோது காதில் மாட்டிய கருவியில் என் தண்ணீர் வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். டிரம்ஸ்காரன் என் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தான். பாராட்டு என்றால் அவனுக்கு அதுதான்.

பிறகு கல்லூரி நிர்வாகம் உள்ளே வந்தது. எந்த நல்ல காரியமும் பிள்ளையாரிடமிருந்து தொடங்க வேண்டும் என்று தாளாளர் சொல்லிவிட்டார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு வந்ததாகத்தான் கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கே ராக் பிடிக்கப் போய்ப் பிள்ளையார் வந்தார். கம்பத்துக் குழு ஒன்று, தலைமுடியைத் தோள்வரை வளர்த்தவர்கள், பயபக்தியாக முதல் பாட்டைப் பாடிக் கொடுத்தது. அதற்குக் கிட்டார் வாசித்தது எங்கள் போடிக்காரன். மேலட்டையில் எந்தக் குழுவின் படமும் இல்லை. கல்லூரிக் கட்டடம், அதன் மேல் கைகூப்பியபடி தாளாளர். சேர்க்கை விண்ணப்பத்தோடு இலவசமாகக் கொடுக்கப்போகிறார்களாம். அதற்கெல்லாம் சிரித்துவிட்டுப் போய்விட்டோம்.

கடைசியில் எல்லாப் பாட்டையும் ஒரே அளவுக்குச் சரிசெய்ய வேண்டியிருந்தது. அதற்கு மாஸ்டரிங் என்று பேர். ஆசிரியருக்குப் பேர் தெரிந்திருந்தது, வேலை தெரியாது. தாளாளர் ஆள் அனுப்பினார். மயிலாடும்பாறையில் மைக் செட் வைத்திருக்கிறவர். தாளாளர் வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறவர். "சத்தத்தப் பத்தி அவனுக்குத் தெரியாதது இல்ல" என்பது தாளாளரின் நற்சான்று.

அந்த வாரம் நான் கல்லூரியில் இல்லை. தோட்டத்தில் கவாத்து. திராட்சைக்குக் கவாத்து தள்ளிப்போனால் அந்தப் போகமே தள்ளிப்போகும், ஆளும் கிடைக்கவில்லை. அப்பாவோடு பந்தலுக்கு அடியில் கழுத்தை அண்ணாந்து கொடி வெட்டிக்கொண்டிருந்தேன். "உங்க சிடி எப்பலே வருது?" என்று கத்தரியை நிறுத்தாமலே அவர் கேட்பார். "வந்துரும்ப்பா."

அங்கே நடந்ததைப் பிறகு கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மைக் செட்காரர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். காதில் மாட்டும் கருவியை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார். தான் கொண்டுவந்த குழாய் ஒன்றை ஜன்னல் கம்பியில் மைதானத்தைப் பார்த்துக் கட்டினார். கோயில் வேப்பமரத்தில் கட்டுவோமே, அதே இரும்புக் குழாய். ஒவ்வொரு பாட்டாகப் போட்டுவிட்டு இறங்கிப் போய், மைதானத்தின் மறுகோடியில் பஸ் நிற்கிற கொட்டகைக்குப் பக்கத்தில் நின்று கேட்பார். வார்த்தை தெளிவாக விழுந்தால் சரி. விழாவிட்டால் மேலே வந்து அடிச் சத்தத்தை இறக்குவார், கீச்சுச் சத்தத்தை ஏற்றுவார், திரும்ப இறங்கிப் போவார். எங்கள் பக்கத்தில் பாட்டு என்பதே அதுதான். இங்கே போட்டால் அடுத்த ஊருக்குக் கேட்க வேண்டும். பிள்ளையாரோ ராக்கோ, அவருக்கு எல்லாம் ஒன்றுதான். பஸ் கொட்டகைக்குத் தெளிவாகக் கேட்கும்வரை அடிச் சத்தத்தை வெட்டிக்கொண்டே போயிருக்கிறார். எங்கள் பாட்டைச் சரிசெய்தபோது போடிக்காரனும் கூடப் போய்க் கொட்டகையில் நின்று கேட்டிருக்கிறான்.

வெளியீட்டு விழாவில் பிள்ளையார் பாட்டை மட்டும் போட்டுவிட்டுப் பொன்னாடை போர்த்தப் போய்விட்டார்கள். நான் சிடியை வாங்கி, கேட்காமலே பையில் வைத்துக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறினேன். முதல் தடவை அப்பாவோடு சேர்ந்து கேட்க வேண்டும் என்று ஒரு ஆசை. எவ்வளவு பெரிய முட்டாள்தனம்.

வீட்டில் கூட்டம் சேர்த்து வைத்திருந்தார். சித்தப்பா, சித்தி, இரண்டு வீடு தள்ளியிருக்கிற அத்தை, திராட்சை எடுக்க வருகிற வியாபாரிகூட. அப்பா குளித்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் எடுக்கிற சட்டை. டிவிக்குக் கீழே இருந்த பெட்டியில் சிடியைப் போட்டு ஆறாவது பாட்டுக்குத் தள்ளினேன். "பாட்டு ஆரம்பிக்கிறப்ப நான் மட்டுந்தான் வாசிப்பேன்ப்பா. முதல்லருந்து கேளுங்க" என்று வேறு சொல்லிவைத்தேன்.

டிக். டிக். டிக். டிக்.

அவ்வளவுதான். சிம்பல் மட்டும். அதற்கு அடியில், என் விரல் கம்பியில் உரசுகிற ஓசை, துணியைத் தேய்த்ததுபோல. குமுகுமு என்று வர வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. நான் சத்தத்தைக் கூட்டினேன். டிக் டிக் பெரிதானது.

"ஏலே, சிடியில கீறல் கெடக்கா?" என்றார் அப்பா.

"சிக்கிருச்சு போல" என்றார் சித்தப்பா.

அதற்குள் கிட்டார் வந்துவிட்டது. கண்ணாடிபோல வந்தது. குரல் வார்த்தை வார்த்தையாக விழுந்தது. எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அத்தை தலையாட்டினாள். அப்பா மட்டும் தலையைச் சாய்த்து, கூட்டத்தில் காணாமல்போன பிள்ளையைத் தேடுகிற மாதிரி அந்தப் பாட்டுக்குள் தேடிக்கொண்டே இருந்தார். பாட்டு முடிந்ததும் மெதுவாகக் கேட்டார்.

"இதுல நீ எங்கனடா இருக்க?"

கிண்டல் செய்திருந்தால் தாங்கியிருப்பேன். பல்லி என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அவர் நிஜமாகவே கேட்டார். நான் சிடியில் ஏதோ கோளாறு என்றேன். சித்தி எழுந்து காப்பி போடப் போனாள். வியாபாரி எடை பற்றிப் பேச ஆரம்பித்தார். அப்பா எழுந்து போய் வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துத் தேனிக்குப் போனேன். மைக் செட்காரர் கல்லூரி வாசலில் விழாப் பந்தலின் குழாய்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"தம்பி, பாட்டக் கேட்டீகளா? எப்படி இருந்துச்சு?"

"அண்ணே, நான் வாசிச்சதே அதுல இல்லண்ணே. பேஸ் மொத்தமும் போயிருச்சு."

"ஆமா, எடுத்துட்டேன்" என்றார், நன்றி சொல்ல வந்திருக்கிறேன் என்பதுபோல. "அடிச் சத்தம் வந்தா குழாய்க்குள்ள சத்தம் போடுற யூனிட்டு கிழிஞ்சிரும் தம்பி. நாளைக்கு உங்க பாட்ட ஒரு காதுகுத்துல போடுறாக, ஒரு கல்யாணத்துல போடுறாக. பாதியில பொத்துனு நின்னா யார ஏசுவாக? இப்ப எங்கன வேணாலும் போடலாம். பிசிறே வராது."

அவரை என்ன செய்வது? கோபப்படக்கூட வழியில்லை. அவருக்குத் தெரிந்த உலகத்தில் எங்கள் பாட்டுக்கு ஒரு நல்ல இடம் கிடைக்க வேண்டும் என்று பாடுபட்டிருக்கிறார். ஆனால் எனக்குக் கோபம் வந்தது. இன்றும் வருகிறது. நல்ல மனசுக்காரர்கள் செய்கிற அநியாயத்துக்கு மருந்தே கிடையாது.

ஆசிரியரிடம் போய், பழைய பதிவையாவது கொடுங்கள் என்றேன். கம்ப்யூட்டரில் வைரஸ் வந்து எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றியாகிவிட்டது என்றார். "நல்லாத்தானப்பா வந்திருக்கு? தாளாளரே பாராட்டுனாரே" என்றார். டிரம்ஸ்காரனிடம் சொன்னேன். "நான் கால்ல மிதிக்கிற டிரம்மும்தான் போச்சு, நான் என்ன ஒப்பாரியா வச்சேன்?" என்று சிரித்தான். அவனுக்கென்ன, சிம்பல் இருந்தது. டிக் டிக்.

கடைசியாக, எப்போதும்போல் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு போடிக்குப் போனேன். கோடவுனில் அவன் புதுக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தான்.

"நீ கூட நின்னு கேட்டியாமே?"

"ஆமா மாப்ள. அந்தக் கொட்டகை வரைக்கும் கணீர்னு வந்துச்சு. எனக்கே புல்லரிச்சுப் போச்சு."

"நான் இல்லையேடா அதுல."

அவன் கையை நிறுத்தினான். யோசித்தான். பொய் சொல்லத் தெரியாதவன், அதுதான் அவனிடம் எனக்குப் பிடித்த குணமாக இருந்தது.

"சத்தியமா மாப்ள, நீ இல்லன்னு எனக்குத் தோணவே இல்ல."

வேண்டுமென்றே வெட்டியிருந்தால்கூட நான் இருந்ததற்கு அது ஒரு சாட்சி. என்னை எடுத்துவிட்டால் ஒன்று குறைகிறது என்று தெரிந்து எடுத்ததாக ஆகும். இது அப்படி இல்லை. கோடவுனில் தரை அதிர அத்தனை நாள் அவனுக்குப் பக்கத்திலேயே நின்று வாசித்திருக்கிறேன். மூன்று பேர் கொண்ட குழுவில் ஒருவன் குறைந்தது இன்னொருவனுக்குத் தெரியவில்லை. சாம்பாரில் உப்பு இல்லாவிட்டால் இலையில் உட்கார்ந்த முதல் ஆள் சொல்லிவிடுகிறான். நான் உப்பாகக்கூட இல்லை.

அந்தக் கிட்டாரை அன்றே அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். பயிற்சிக்கு வா என்று கொஞ்ச நாள் கூப்பிட்டுப் பார்த்தார்கள், அப்புறம் கூப்பிடவில்லை. படிப்பு முடிந்தது. அவன் சென்னைக்குப் போனான். அந்த சிடியைக் காட்டித்தான் முதல் வாய்ப்பு வாங்கினான் என்று கேள்வி. கணீரென்று இருந்திருக்கும். நான் ஒரு உரக் கம்பெனியில் விற்பனை வேலைக்குச் சேர்ந்து, பள்ளத்தாக்கு முழுக்க மோட்டார் பைக்கில் சுற்ற ஆரம்பித்தேன். வீட்டில் அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. அப்பாவும் அதற்குப் பிறகு பல்லியைப் பற்றிப் பேசவில்லை. அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

இரண்டு வருஷம் போயிருக்கும். டிரம்ஸ்காரனின் தங்கைக்குத் தேவாரத்தில் கல்யாணம். அப்பாவை பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். அதே வெள்ளைச் சட்டை. மண்டபத்துக்கு வெளியே தென்னை மரத்தில் குழாய் கட்டியிருந்தது. சிடி வேலையில் ஏற்பட்ட பழக்கத்தில் மயிலாடும்பாறைக்காரரின் மைக் செட்டைத்தான் பிடித்திருந்தான். மண்டபத்துக்குள்ளும் ஒரு குழாய், பந்தி நடக்கிற இடத்தில். சாப்பிட உட்கார்ந்தோம். இலையில் சோறு விழுந்தது. சாம்பார் வாளி வந்துகொண்டிருந்தது.

டிக். டிக். டிக். டிக்.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்கு நினைவிருக்காது என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால், சோற்றைப் பிசையப் போன கையை நிறுத்தி, பேசிக்கொண்டிருந்த பக்கத்து இலைக்காரரை "சித்த இருங்க" என்று மறுகையால் அமர்த்திவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வெறும் டிக் டிக்கை, அதற்குள் நான் இருக்க வேண்டும் என்று நான் சொல்லிவைத்திருந்த அந்த இடத்தை, அத்தனை கவனமாகக் கேட்டார். வரப்பு அதிரவில்லை. தண்ணீர் வரவில்லை.

கிட்டார் வந்தது. போடிக்காரனின் கிட்டார், கணீரென்று, மண்டபம் முழுக்க.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. என் தொடையைத் தொட்டார்.

"இந்தா. இதானலே நீ?"

குழாயைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன்.

"ஆமாப்பா. அதான் நான்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல" என்றார். பிறகு பக்கத்து இலைக்காரரிடம் திரும்பி, "நம்ம பய வாசிச்சது" என்றார். அந்தக் கிட்டார் ஓய்கிறவரை அவர் இலையில் கை வைக்கவில்லை.